எலும்பில் இருக்கும் சீழுக்குத் தோலில் மருந்து தேடாதீர்கள்

எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். போன வாரம் என் அண்ணனுக்கு இன்னொரு புது ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், காலில் இருந்த கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல். அதனால்தான் இந்தக் கடிதம்.

விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. எலும்பைத் தாங்க உள்ளே உலோக ராடு வைத்தார்கள், எலும்பும் கூடியது. ஆனால் அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை மட்டும் மூடவே இல்லை. மூடியதுபோல் தெரியும், உள்ளே வீங்கும், காய்ச்சல் அடிக்கும், அப்புறம் உடைந்து சீழ் வடியும். வடிந்ததும் வலி குறையும். அந்த நேரத்தில் போய்க் காட்டினால், "மருந்து கேட்குது, இதையே சாப்பிடுங்க" என்கிறார்கள். ஒருநாள் கட்டு மாற்றும்போது அரிசி அளவு எலும்புச் சில்லு ஒன்று பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பத்திரமாக எடுத்துப்போய்க் காட்டினோம். "அப்படித்தான் வரும்" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். வாடை அடிக்குமோ என்ற பயத்தில், யார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் அண்ணன் அந்தக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. காலின் முன்பக்கத்தில் எலும்புக்கு மேல் தோல்தான் இருக்கிறது, சதை கிடையாது. அடிபட்டால் ரத்த ஓட்டம் எளிதில் அறுந்துபோகும். செத்த எலும்புக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் சரியாகப் போய்ச் சேராது. ராடின் மேல் படலம் கட்டி உட்கார்ந்த கிருமியும் லேசில் சாகாது. புரையோடிய துளையின் வாயில் பஞ்சைத் தொட்டு எடுத்தால் பெரும்பாலும் தோலில் இருக்கும் கிருமிதான் கிடைக்கும், எலும்பைத் தின்னும் கிருமியாக அது இருக்க வேண்டியதில்லை. அதற்கு எலும்பிலிருந்தே, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். நோயாளி நல்ல நிலையில் இருந்தால் அதற்கு முன் இரண்டு வாரமாவது ஆன்டிபயாடிக்கை உங்கள் மேற்பார்வையில் நிறுத்தி வைக்க வேண்டும். ஊகத்தில் எழுதும் ஒவ்வொரு சீட்டும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறது, கிருமியையும் மறைத்துவிடுகிறது. என் கோபமெல்லாம் இதில்தான்.

கடும் காய்ச்சலோடு ரத்தத்தில் கிருமி பரவி வருபவருக்கு உடனே மருந்து ஏற்றத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. மாத்திரையே கூடாது என்றும் சொல்லவில்லை. எலும்பு, மூட்டுத் தொற்றுகளுக்குச் சரியாகத் தேர்ந்தெடுத்த மாத்திரைகள் முதல் 6 வாரங்களில் ஊசி மருந்துக்குக் குறைந்தவை அல்ல என்று 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. 'சரியாகத் தேர்ந்தெடுத்த' என்பதைத்தான் கேட்கிறோம். எந்தக் கிருமி என்றே தெரியாமல் எதைத் தேர்ந்தெடுப்பது?

செத்த எலும்பை அகற்றுவது, அந்தக் குழியை ஆன்டிபயாடிக் கலந்த சிமென்டால் நிரப்புவது, மேலே சதை வைத்து மூடுவது எல்லாம் ஒருவர் செய்து முடிக்கிற வேலை இல்லை. ஆனால் எலும்பு மருத்துவர் ஒரு நாள், பிளாஸ்டிக் சர்ஜன் இன்னொரு நாள், எந்தக் கிருமி என்று சொல்லும் கல்ச்சர் பரிசோதனை முடிவு எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நடக்க முடியாதவரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு மூன்று வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை எவ்வளவு, புகைபிடிக்கிறாரா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை, இரண்டுமே புண்ணை ஆறவிடாது என்று தெரிந்திருந்தும். பல வருடம் வடிந்துகொண்டே இருக்கும் புண்ணில் அபூர்வமாகப் புற்றுநோய் வரலாம் என்பதையும் நாங்களாகத்தான் படித்துத் தெரிந்துகொண்டோம்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேண்டுகோள் இதுதான்: எலும்பிலிருந்து மாதிரி எடுத்துக் கிருமியைக் கண்டுபிடியுங்கள், பிறகு மருந்து எழுதுங்கள். எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் நுண்ணுயிரியல் மருத்துவரும் ஒரே நாளில் ஒரே அறையில் இந்த நோயாளிகளைப் பாருங்கள். ஆறாத புண்ணோடு வருபவரிடம், இது எலும்பில் இருக்கும் தொற்று என்று வெளிப்படையாகச் சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது தயவுசெய்து முதலில் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி