கிழக்கத்திக் காத்துக்குப் பேரு

மாப்ள,

ஆறு மாசமா எழுதல, தப்புதான், திட்டிக்க. இங்க எல்லாரும் சௌக்கியம், உன் தங்கச்சிக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கு. நான் எழுத வந்தது வேற.

போன மாசம் பேரன் புதுப் பாலத்துல ரயில் போறதப் பாக்கணும்னான்னு மண்டபம் கடற்கரையில உக்காந்திருந்தோம். காத்துக்கெல்லாம் பேரு கேட்டான். வாடை சொன்னேன், சோழகம் சொன்னேன், கச்சான் சொன்னேன், கிழக்க இருந்து வர்ற காத்துக்கு மட்டும் பேரு வரல. ஏழு வயசுல இருந்து எங்கப்பா வள்ளத்துல கேட்ட வார்த்த மாப்ள அது. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் கொண்டல்னு வந்துச்சு, எந்திரிச்சு உக்காந்து அழுதுட்டேன்.

அது ஒண்ணுன்னா விட்டுருப்பேன். பாம்பன்ல ஏலம் எடுத்த மீனுக்குக் காசு குடுத்துட்டு திரும்பவும் எண்ணிக் குடுக்கப் போனேன், அந்தப் பையன்தான் கையப் புடிச்சான். எங்கம்மா கடைசில என்னையப் பாத்து "தம்பி எந்த ஊரு"ன்னு கேட்டது உனக்குத் தெரியும், நீயும்தான பக்கத்துல நின்ன.

ராமநாதபுரத்துல டாக்டரப் பாத்தேன். அஞ்சு வார்த்த சொல்லி கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேட்டாரு, கடிகாரம் வரையச் சொன்னாரு, எல்லாம் சரியா இருக்குன்னாரு. அப்புறம் ஏன் சார் எனக்கு ஞாபகம் கொறையுற மாதிரி இருக்குன்னு கேட்டேன். டெஸ்ட்ல தெரியறதுக்கு முன்னாடியே சில பேருக்கு உள்ளுக்குள்ள தெரியுமாம், அதனால இத அலட்சியமா விடக்கூடாதாம். ஆராய்ச்சிகளச் சேத்துப் பாத்ததுல, இப்படிச் சொல்ற வயசானவங்க 100 பேர்ல வருசத்துக்கு 2 பேர் மாதிரி டிமென்ஷியாங்கிற மறதி நோய்க்குப் போறாங்களாம், சொல்லாதவங்கள்ல 1. ரெண்டு மடங்குதான், ஆனா மிச்சம் 98 பேரு போகலயேன்னு அந்த வருசக் கணக்க நான் பகல்ல சொல்லிக்கிறேன், ராத்திரியில அந்த ரெண்டு பேரு மட்டும்தான் நெனப்புல நிக்கிறாங்க.

ரத்தத்துல பி12 வைட்டமின் கொறஞ்சிருக்கு. பன்னெண்டு வருசமா போடுற மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை அதக் கொறைக்குமாம், எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல, தெனம் மீன் திங்கிறவனுக்கு என்ன கொறைன்னு இருந்துட்டேன். ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். தைராய்டு சரியா இருக்கு, தூக்கம்தான் மோசம். தூக்கம் கெட்டாலும் மனசு ஒடிஞ்சாலும் மறதி வருமாம், அதுல பாதி பாரம் எறங்குச்சு.

உனக்கும் ஒண்ணு இருக்கு. காது மிஷின வாங்கி பீரோவுல பூட்டி வச்சிருக்கியாமே, நகையா அது? 2024ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு நாம மாத்தக்கூடிய காரணம்னு 14 சொல்லியிருக்கு, சுகர், பிரஷர், தனிமையோட காது கேக்காததும் அதுல ஒண்ணு. அத்தனையையும் கவனிச்சா கிட்டத்தட்ட 45 சதவீதம் தடுக்கலாம், தள்ளிப்போடலாம்னு சொல்றாங்க. மாட்டித் தொலைடா. நீயும் அப்படிப் போயிட்டா நான் யார்கிட்ட பேச?

இப்ப எழுதுனதுக்குக் காரணம் இதுதான். கூட இருக்கவங்களும் கவனிச்சிருக்காங்களான்னு டாக்டர் கேட்டாரு, அவங்க கண்ணுக்கும் பட்டிருந்தா இன்னும் உன்னிப்பாப் பாக்கணுமாம். உன் தங்கச்சி "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ங்கிறா, பயந்துக்கிட்டு சொல்றா. அம்பது வருசமா என்னையப் பாக்கிறவன் நீ, எனக்காகப் பொய் சொல்லாத. பொங்கலுக்குப் போன்ல பேசுனப்ப அந்தப் பனங்கிழங்கு மூட்டை கதைய நான் ஒரு தடவ சொன்னேனா, ரெண்டு தடவ சொன்னேனா?