கிண்ணத்தில் பரோயேயின் சீட்டும் இருக்கட்டும்

யுயேஃபா என்னும் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நான் உங்கள் கண்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். எந்தச் சங்கத்தின் சார்பிலும் இதை எழுதவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக உங்கள் தகுதிச்சுற்று ஆட்டங்களைக் கண்விழித்துப் பார்த்துவரும் ரசிகன் நான். எனக்குச் சொல்ல ஒரு தீவுக்கூட்டத்தின் கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லி ஒன்றைக் கேட்கவும் வேண்டியிருக்கிறது.

தகுதிச்சுற்றை மாற்றியமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூடவே இன்னொரு யோசனையும் வருகிறது. சிறிய நாடுகளைத் தனியே பிரித்து, அவற்றுக்குள் ஒரு முன்சுற்று நடத்தி, அதில் தேறியவர்களை மட்டும் பெரியவர்களோடு ஆடவிடலாம் என்கிறார்கள். 2016-இல் சான் மரினோவை 8-0 என்று ஜெர்மனி வென்ற பிறகு, ஜெர்மனி வீரர் தாமஸ் முல்லரே இத்தகைய ஆட்டங்களால் என்ன பயன் என்று வெளிப்படையாகக் கேட்டார். அவருடைய களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் ஒரே இரவில் கிடைக்காது. பதில் வேண்டுமானால் பரோயே தீவுகளின் முப்பத்தைந்து ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வட அட்லாண்டிக்கில் பதினெட்டுத் தீவுகள், ஏறக்குறைய 55,000 மக்கள். டென்மார்க் அரசின்கீழ்த் தன்னாட்சி பெற்ற பகுதி. அங்கே கால்பந்து புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட விளையாட்டு இல்லை. டிபி டுவோரோய்ரி என்னும் கழகம் 1892-இலேயே தொடங்கிவிட்டது. தேசியச் சங்கம் 1979-இல் அமைந்தது. 1988-இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சேர்த்துக்கொண்டது, 1990-இல் நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். ஒலிம்பிக்கில் இன்றும் அவர்களுக்குச் சொந்தக் கொடி கிடையாது. தங்கள் பெயரில், தங்கள் கொடியின்கீழ் அவர்கள் பெரிய நாடுகளோடு மோத முடிவது கால்பந்து போன்ற சில விளையாட்டுகளில்தான். அந்தக் கதவைத் திறந்தவர்கள் நீங்கள். அதற்காகவே உங்களை மதித்து எழுதுகிறேன்.

உங்கள் போட்டியில் அவர்கள் ஆடிய முதல் ஆட்டம் 1990 செப்டம்பர் 12 அன்று நடந்தது. எதிரணியான ஆஸ்திரியா, அதே ஆண்டு இத்தாலியில் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்திருந்தது. தீவுகளில் விதிப்படியான புல்தரை மைதானம் ஒன்றுகூட இல்லாததால், தங்கள் ‘சொந்த மண்’ ஆட்டத்தைச் சுவீடனின் லான்ட்ஸ்குரோனா நகரத்துக்குக் கொண்டுபோய் ஆடினார்கள். அதன் பழைய ஒளிப்பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கோல் கம்பங்களுக்கு நடுவே யென்ஸ் மார்ட்டின் குனுட்சன் நிற்கிறார். மீன் ஆலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர். சிறுவயதில் தலையில் பட்ட அடிக்குப் பிறகு பாதுகாப்புக்காக அணியத் தொடங்கிய வெள்ளைக் கம்பளித் தொப்பி, உச்சியில் குஞ்சத்தோடு, அவர் பாயும்போதெல்லாம் கூடவே ஆடுகிறது. இரண்டாம் பாதியில் தோர்க்கில் நீல்சன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, தடுக்க வந்தவரைத் தாண்டி, வலைக்குள் அடிக்கிறார். மரமும் கட்டுமானப் பொருள்களும் விற்கும் நிறுவனத்தில் விற்பனையாளர் அவர், சதுரங்கத்திலும் கெட்டிக்காரர். 1-0. மீதி நேரம் முழுக்க ஆஸ்திரியர்கள் முட்டி மோதுகிறார்கள். அந்தத் தொப்பி அசைந்துகொண்டே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஆஸ்திரியப் பயிற்சியாளர் யோசஃப் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார்.

எல்லோரும் இந்த வெற்றியோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதன் பிறகு வந்த தோல்விகள்தான். அந்தச் சுற்றிலேயே யூகோஸ்லாவியா 7-0 என்று வீழ்த்தியது. எட்டு ஆட்டங்களில் 26 கோல்கள் வாங்கினார்கள். அடுத்து, 1994 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. அடித்தது ஒரே ஒரு கோல், வாங்கியது 38. 2008 ஐரோப்பியக் கோப்பைக்கான சுற்றில் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டும் தோல்வி. வாங்கிய கோல்கள் 43. முன்சுற்று கேட்பவர்கள் நீட்டும் கணக்கு இதுதான். நான் மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பன்னிரண்டு தோல்விகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். 2007 ஜூன் மாதம். அப்போது உலகச் சாம்பியனாக இருந்த இத்தாலி, தலைநகர் டோர்ஷவ்னுக்கே வந்து ஆடியது. முடிவு 2-1. ரோக்வி யாக்கப்சன் இத்தாலியின் வலையை அசைத்தார். உலகச் சாம்பியன்கள் தங்கள் ஊரில் தங்கள் மழையில் நனைந்து ஆடி, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பிப் போனதை அந்தத் தீவுகளின் பிள்ளைகள் பார்த்தார்கள். பட்டியலில் அது வெறும் தோல்வி. அந்த ஊரில் அது அப்படி இருந்திருக்காது.

அப்போது பதினைந்து வயதில் இருந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். யோவான் சீமுன் எட்முன்ட்சன், 1991-இல் பிறந்தவர், டோஃப்டிர் ஊர்க்காரர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. லான்ட்ஸ்குரோனாவுக்குப் பிறகு, ‘இனி அயல்நாட்டில் போய்ச் சொந்த மைதானம் தேடக் கூடாது’ என்று தீவுக்காரர்கள் வைராக்கியம் கொண்டு, பாறையை வெடிவைத்துத் தகர்த்து, கடலைப் பார்த்த குன்றின்மேல் புல்தரை அமைத்தார்களே, அந்த ஊர்தான். ஸ்வங்காஸ்கார்ட் என்று அந்த மைதானத்துக்குப் பெயர். ஸ்காட்லாந்தை அங்கே 1999-இலும் 2002-இலும் சமனில் நிறுத்தினார்கள். பெரிய அணிகள் தன் ஊருக்கு வந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர் எட்முன்ட்சன். 2014 நவம்பரில் கிரேக்கத்தின் பிரேயஸ் நகரில் பரோயே அடித்த ஒரே கோல் அவருடையது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் இரண்டாம் சுற்றுவரை போன கிரேக்கம் 0-1 என்று தோற்றது. மறுநாளே பயிற்சியாளர் கிளாடியோ ரனியெரி நீக்கப்பட்டார். தற்செயல் என்றவர்களுக்கு 2015 ஜூனில் பதில் வந்தது. டோர்ஷவ்னில் 2-1, மீண்டும் கிரேக்கத்தை வென்றார்கள். 2022-இல் துருக்கியையும் 2-1 என்று வென்றார்கள். அன்றும் ஒரு கோல் எட்முன்ட்சனுடையது.

இனி 2025-க்கு வருகிறேன். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அக்டோபர் 9 அன்று மாண்டினீக்ரோவை 4-0 என்று வென்றார்கள். மூன்று நாள் கழித்துச் செக் குடியரசு வந்தது. ஹானுஸ் சோரன்சன் அடித்தார், செக் அணி சமன் செய்தது. அந்த இடத்தில் பழைய பரோயே அணியாக இருந்தால் பின்வாங்கி நின்றிருக்கும். இந்த அணி முன்னேறி ஏறியது. சில நிமிடங்களில் மார்ட்டின் அக்னார்சன் அடித்த கோலோடு 2-1. என் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். நவம்பர் 14 அன்று குரோஷியாவின் ரியெக்காவில் ஆடப் போனபோது, அந்தத் தீவுகளுக்கு உலகக் கோப்பை வாய்ப்பு உயிரோடு இருந்தது. முதல் கோலையும் அவர்களே அடித்தார்கள். கடைசியில் 3-1 என்று குரோஷியா வென்றது. எட்டு ஆட்டங்களில் 12 புள்ளிகள், பிரிவில் மூன்றாமிடம், மாண்டினீக்ரோவுக்கு மேலே.

பத்துக்குப் பத்து தோற்ற அணியை அன்றே முன்சுற்றுக்கு அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா? முன்சுற்று என்ன செய்யும் என்பதற்கு ஆசியாவைப் பாருங்கள். 2026 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றில் தரவரிசையில் பின்தங்கியவர்களை முதலில் தங்களுக்குள் மோதவிட்டார்கள். இலங்கைக்கு வாய்த்தது ஏமன். 2023 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு ஆட்டங்கள். கொழும்பில் 1-1 என்று சமன் செய்தும், முதல் ஆட்டத் தோல்வியால் வெளியேற்றம். அவர்களுடைய உலகக் கோப்பை, போட்டி நடக்க இரண்டரை ஆண்டுகள் இருக்கும்போதே முடிந்துவிட்டது. ஜப்பானோ கொரியாவோ அந்தச் சுற்றில் கொழும்புக்கு வரும் வழியே இல்லாமல் போயிற்று. அந்த ஊர்ப் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்வார்கள்?

நீங்கள் 2018-இல் தொடங்கிய நேஷன்ஸ் லீக்கை நான் குறை சொல்லவில்லை. சம பலமுள்ளவர்களோடு ஆடி வெல்லப் பழகியது பரோயேக்கு மிகவும் உதவியது. 2020-இல் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்து அடுத்த படிக்கு ஏறினார்கள். சான் மரினோகூட 2024-இல் லிக்டன்ஸ்டைனை வென்று, போட்டி ஆட்டமொன்றில் தன் முதல் வெற்றியைக் கண்டது. அந்த லீக் தொடரட்டும். ஆனால் அது தகுதிச்சுற்றுக்கு மாற்று ஆகாது. வெல்லப் பழகுவதற்கு ஒரு மேடை வேண்டும், பெரியவர்களைத் தன் ஊரில் எதிர்கொள்வதற்கு இன்னொரு மேடை வேண்டும். இரண்டும் கிடைத்ததால்தான் செக் அணியை அந்த அக்டோபர் இரவில் அப்படி எதிர்த்து ஆட முடிந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். தகுதிச்சுற்றின் வடிவத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஆட்டங்களைக் குறைக்க வேண்டுமென்றாலும் குறையுங்கள். ஆனால் எந்த உறுப்பு நாட்டையும் வாசலிலேயே தனி வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு சிறிய அணிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பெரிய அணியாவது அதன் சொந்த மைதானத்துக்கு வந்து ஆட வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவையுங்கள். அடுத்த முறை நீங்கள் மேடையில் குடவோலை எடுப்பதுபோல் கிண்ணத்துக்குள் கைவிட்டு உருண்டைகளை எடுக்கும்போது, பரோயே என்று எழுதிய சீட்டும் சான் மரினோ என்று எழுதிய சீட்டும் முதல் நாளிலிருந்தே அங்கே இருக்க வேண்டும்.

மரியாதையுடன்,
ஒரு கால்பந்து ரசிகன்