'உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்'

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "யார் அவன், என்ன ஆளுங்க?" அவன் அவளை எப்படி நடத்துகிறான் என்று யாரும் கேட்பதில்லை. அடித்தாலும் மிரட்டினாலும் அவள் வாய் திறக்காமல் இருக்க, "உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்ற ஒரு வரியே அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது. அந்த வரிக்குப் பலம் கொடுப்பது நம் வீட்டுப் பயம்தான்.

உடம்பில் காயம் தேடிக் காத்திருக்காதீர்கள். பல உறவுகளில் அதற்கு வெகு முன்பே கண்காணிப்பு தொடங்கிவிடும். குளிக்கப் போனாலும் போன் கூடவே போகும். பதில் அனுப்ப ஐந்து நிமிடம் தாமதமானால் பதறுவாள். வீட்டில்தான் இருக்கிறாள் என்று நிரூபிக்க, அடுப்படியையும் பாட்டியையும் வீடியோ காலில் காட்டுவாள். கிளம்பும் முன் உடுத்தியதைப் போட்டோ எடுத்து அனுப்பி, 'ஓகே' வரும்வரை வாசலில் நிற்பாள். நெருங்கிய தோழிகளின் பெயர்கள் பேச்சில் வராமலே போகும். "நீ பேசலைன்னா கையை அறுத்துக்குவேன்" என்பதை அன்பு என்றே நம்புவாள். பையன்களும் இப்படிச் சிக்குகிறார்கள்; அவர்கள் சொல்வது இன்னும் அரிது.

விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, மாப்பிள்ளை பார்த்தால், அவன் எதைச் சொல்லி மிரட்டினானோ அதுவே நடக்கிறது. அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். "அவன் கோபப்பட்டா என்ன பண்ணுவான்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

மெசேஜ்களை அழிக்க வேண்டாம். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிளாக் செய்வது அதற்குப் பிறகு. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். அவனுடைய லேப்டாப் அங்கே இருந்தால், அவள் உங்களிடம் அனுப்பும் செய்தியும் அவன் கண்ணில் படும். கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங்கையும் பார்த்துவிட்டு, ஜிமெயில், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

பிரிந்த பிறகு வரும் வாரங்கள்தான் ஆபத்தானவை. "கடைசியா ஒரு தடவை பார்க்கணும்" என்று அழைத்தால் தனியே அனுப்பவே கூடாது. டியூஷனுக்கு யாராவது கூடப் போங்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டினால், ஆலோசனை கேட்கிறேன் என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். படத்தை நீக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது; அதில் படத்தையே கொடுக்க வேண்டியதில்லை. படத்திலிருந்து உருவாகும் அடையாளக் குறியீடான டிஜிட்டல் கைரேகை மட்டும் செல்லும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயங்கிப் பல பெற்றோர் புகாரே கொடுப்பதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் எஸ்.ஐ. ஒருவர், சீருடையின்றி வந்து பதிவு செய்ய வேண்டும். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. முதல் அழைப்புக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் உண்டு. பிள்ளையே நேரடியாகப் பேசலாம்.

– மாணவர் நல ஆலோசகர்கள், திருச்சி