ஸ்டுடியோ நடத்தும் அண்ணன்மாருக்கு: ரா ஃபைலைக் காணோம் என்றால் ‘ரிமூவ்’ கொடுக்காதீர்கள்

வணக்கம்.

கல்யாண சீசன் முடிந்து ஆல்பம் வேலை ஆரம்பிக்கும்போது எடிட்டர்களுக்குத் தவறாமல் ஒரு போன் வரும், படம் திருத்துகிற லைட்ரூம் சாஃப்ட்வேரில் ரா (கேமரா அப்படியே பதிவு செய்யும் மூல ஃபைல்) காணவில்லை என்று. “தம்பி, லைட்ரூம்ல ரா எல்லாம் காணோம், எல்லாப் படத்துலயும் ஆச்சரியக்குறி நிக்குது, நீ எதையாச்சும் டெலீட் பண்ணிட்டியா?” நாம் பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ காணாத படங்களை மொத்தமாக செலக்ட் பண்ணி, ரிமூவ் கொடுத்து, அதே ஃபோல்டரை மறுபடி இம்போர்ட் பண்ணியிருப்பார்கள். ரா திரும்பி வந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த கலர் கரெக்ஷன், கிராப், போட்ட ஸ்டார் ரேட்டிங் எல்லாம் போயிருக்கும். இதைத் தடுக்கத்தான் இந்த மடல்.

லைட்ரூம் கிளாசிக்கில் இம்போர்ட் செய்தால் படம் கேட்டலாக்குக்குள் போய்விடுவதில்லை, அண்ணா. கேட்டலாக் என்பது எல்ஆர்கேட் என்று முடியும் ஒரு ஃபைல், அது ஒரு டேட்டாபேஸ்தான். எந்தப் படம் எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் என்னென்ன மாற்றம் செய்திருக்கிறோம், இவ்வளவுதான் அதற்குள் இருக்கும். ரா எப்போதும் ஹார்ட் டிஸ்க்கில்தான். வீடு மாறிப் போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டால் திரும்பி வருகிற மாதிரிதான் அந்த ஆச்சரியக்குறியும், ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதனால் முதலில் அந்தக் குறியை ஒரு தடவை க்ளிக் செய்து பாருங்கள். ஒரிஜினல் ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லி, கீழேயே ‘ப்ரீவியஸ் லொகேஷன்’ என்று பழைய இடத்தையும் காட்டும். அந்த வரியை யாரும் படிப்பதே இல்லை, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அங்கே ஈ டிரைவ் என்று இருந்து, உங்கள் ஹார்ட் டிஸ்க் இன்றைக்கு எஃப் என்று ஏறியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். விண்டோஸில் ஒரு பென் டிரைவ் முந்திக்கொண்டு செருகியிருந்தாலே எழுத்து மாறிவிடலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பழைய எழுத்தையே கொடுத்தால் ஆச்சரியக்குறி எல்லாம் தானாகப் போய்விடும்.

எழுத்து சரியாக இருந்தும் காணவில்லை என்றால், யாரோ எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் பெயரை மாற்றியிருப்பார்கள், இல்லை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தியிருப்பார்கள். லைட்ரூமில் இடது பக்கம் அந்த ஃபோல்டர் மேல் கேள்விக்குறி இருக்கும். ரைட் க்ளிக், ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’, புது இடத்தைக் காட்டுங்கள், சரி. கூடியவரை மேல் ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே இருக்கிறவையும் சேர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு படமாகப் போவதென்றால் ‘லொகேட்’ கொடுக்கும்போது பக்கத்தில் காணாமல் போனதையும் தேடு என்கிற டிக்கை எடுத்துவிடாதீர்கள். ஃபோல்டர் பெயர் மாறினால் இப்படிச் சமாளிக்கலாம், ஃபைல் பெயர்களையே வெளியே மாற்றிவிட்டால்தான் பெரும்பாடு, ஒவ்வொன்றாகக் கைபிடித்துக் காட்ட வேண்டும். பெயர் மாற்றுவதும் நகர்த்துவதும் லைட்ரூமுக்குள்ளேயே நடக்கட்டும், இதை உங்கள் கடையில் ஒரு சட்டமாகவே வையுங்கள்.

ஏற்கனவே ரிமூவ் கொடுத்துவிட்டீர்களா? உடனே கைவிட வேண்டாம். கேட்டலாக் இருக்கும் ஃபோல்டரிலேயே ‘பேக்கப்ஸ்’ என்று ஒன்று இருக்கும். லைட்ரூமை மூடும்போது பேக்கப் எடுக்கவா என்று கேட்கிறதே, அதற்குச் சரி சொல்லியிருந்தால் பழைய கரெக்ஷன் அதில் இருக்கும். தயவுசெய்து ஸ்கிப் கொடுக்காதீர்கள். அப்புறம், கேட்டலாக் செட்டிங்ஸில் மாற்றங்களை எக்ஸ்எம்பி ஃபைலிலும் எழுதும்படி வைக்கலாம், தானாக ஆன் ஆகி இருக்காது, நாம்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒவ்வொரு ராவுக்கும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல் வரும். காப்பி பண்ணும்போது அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதில்தான் எடிட்டரின் உழைப்பு இருக்கிறது.

இன்னொரு வகை, ரா எனக்கு வந்தே சேர்ந்திருக்காது. இரண்டு கார்டு போடும் கேமராவில் முதல் கார்டில் ரா, இரண்டாவதில் ஜேபெக் என்று வைத்துவிட்டு, இரண்டாவது கார்டை மட்டும் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தால் எந்த சாஃப்ட்வேரும் கண்டுபிடிக்காது. டிஸ்க் கொடுப்பதற்கு முன்னால் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்: கேனான் என்றால் சிஆர்2 அல்லது சிஆர்3, நிக்கான் என்றால் என்இஎஃப், சோனி என்றால் ஏஆர்டபிள்யூ. ராவும் ஜேபெக்கும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் லைட்ரூம் இரண்டையும் ஒரே படமாகக் காட்டும், எண்ணிக்கை பாதியாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். பழைய லைட்ரூம் 6 வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதற்குக் கடைசி அப்டேட் 2017 டிசம்பரில் வந்தது, சிஆர்3 வந்ததே 2018இல் கேனானின் எம்50 கேமராவோடுதான். ஃபைல் நன்றாகவே இருக்கும், சாஃப்ட்வேருக்குத்தான் தெரியாது. லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், அதில் டிஎன்ஜி என்கிற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு திறக்கலாம்.

உண்மையிலேயே ரா அழிந்துபோகிற இடம் வேறு, அதைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். கேமரா 9999 வரை எண் போட்டுவிட்டு மறுபடி 0001இல் தொடங்கும். கேண்டிட் எடுப்பவரும் ட்ரெடிஷனல் எடுப்பவரும் ஒரே கம்பெனி கேமரா வைத்திருந்தால் இரண்டு பேரிடமும் ஐஎம்ஜி_4321 இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போடும்போது விண்டோஸ் ‘ரீப்ளேஸ் பண்ணவா’ என்று கேட்கும், அவசரத்தில் ஆமாம் என்றால் ஒருவர் எடுத்த முகூர்த்தம் அங்கேயே போய்விடும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூட வராது. கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், ஆளுக்கு ஒரு பெயர் என்று பிரித்துப் போடுங்கள்.

கார்டை ஃபார்மட் பண்ணிவிட்டால் அதில் இன்னொரு படம்கூட எடுக்காமல் தனியாக வைத்துவிடுங்கள். போட்டோரெக் என்கிற இலவச சாஃப்ட்வேர் பெரும்பாலும் ராவை மீட்டுத் தரும், மீட்ட ஃபைலை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். பழைய ஃபைல் பெயர் வராது என்பதால் கேட்டலாக்கோடு இணைக்கிற வேலை தனியாக இருக்கும். ஒன்றுமே மிஞ்சாத நிலையில் ஸ்மார்ட் பிரீவியூ (லைட்ரூம் உருவாக்கும் சிறிய நகல்) எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்தாவது நீளப் பக்கம் சுமார் 2500 பிக்ஸலில் படத்தை எக்ஸ்போர்ட் பண்ணலாம். ஆல்பத்தில் எட்டு அங்குலப் படத்துக்கு அது போதும், 12×36 அங்குல ஷீட் முழுக்கப் போட முடியாது.

கேட்பது இதுதான். டிஸ்க் கொடுத்த பிறகு ஃபோல்டர் பெயரைத் தொடாதீர்கள். ஆல்பத்துக்கு வீட்டுக்காரர்கள் ஓகே சொல்லும் வரை கார்டை ஃபார்மட் பண்ணாதீர்கள். காணோம் என்று வந்தால் எடிட்டர் பையனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டுவதற்கு முன்னால் அந்த ‘ப்ரீவியஸ் லொகேஷன்’ வரியை அவனிடம் படித்துக் காட்டுங்கள். டிரைவ் எழுத்து மாறியதற்கெல்லாம் சம்பளத்தில் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன், ஃபைல் எங்கே என்று தெரிகிற வரைக்கும் அவன் சம்பளத்தில் கை வைக்காதீர்கள், அண்ணா.

இப்படிக்கு,
ஆல்பம் வேலை பார்க்கும் ஒரு எடிட்டர்