ப்ரொவோஸ்ட்னா வார்டன் இல்லடா

டேய் செல்வம்,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? நாங்க நல்லா இருக்கோம். ரொம்ப நாளா எழுதலன்னு சாரி எல்லாம் கேக்க மாட்டேன், நீயும்தான் எழுதல. நேரா விஷயத்துக்கு வரேன், ஏன்னா நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ கேட்டதுல இருந்து எனக்கு இருப்பு கொள்ளல.

யாழினிக்கு அமெரிக்கால இருந்து "ஆபீஸ் ஆஃப் தி ப்ரொவோஸ்ட்"னு போட்டு ஒரு லெட்டர் வந்திருக்கு, ஹாஸ்டல் ரூம் விஷயமா இருக்கும், மெதுவா பாத்துக்கலாம்மான்னு சொல்லிட்டேன்னு சொல்றியே, அது ஹாஸ்டல் லெட்டர் இல்லடா! நீ ஏன் அப்படி நெனச்சேன்னு எனக்குப் புரியுது. அலிகார்ல படிச்சவன் நீ, அங்க ஹால்னு சொல்ற ஒவ்வொரு ஹாஸ்டலுக்கும் ஒரு ப்ரொவோஸ்ட், அவருக்குக் கீழ வார்டனுங்க, ரூம் மாத்தணும்னாலும் மெஸ்ல தகராறுனாலும் அவர் ஆபீஸ் வாசல்லதான் நிக்கணும். டாக்கா யுனிவர்சிட்டிலயும் ஹால் பொறுப்பாளருக்கு அதே பேருதான். அதனால அங்க நீ சொல்றது சரி. ஆனா அமெரிக்கால ப்ரொவோஸ்ட்னா பிரசிடென்ட்டுக்கு அடுத்த ஆளு. பிரசிடென்ட் நன்கொடை, ட்ரஸ்டிங்க, அரசாங்கம்னு வெளில அலைவாரு, உள்ள படிப்பு சம்பந்தப்பட்ட அத்தனையும் ப்ரொவோஸ்ட் கையில. எந்த டிபார்ட்மென்ட்டுக்கு எத்தனை புது போஸ்ட், எந்த ப்ரொஃபசருக்கு டெனூர், அதாவது நிரந்தர வேலை, எந்த கோர்ஸ் நடக்கும் எது நிக்கும், இதெல்லாம் அவர் டேபிளத் தாண்டித்தான் போகணும். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் தலைவரா இருக்கற டீன்கள் பெரும்பாலும் அவருக்குத்தான் ரிப்போர்ட் பண்ணுவாங்க. சில இடத்துல இதே வேலைக்கு வைஸ் பிரசிடென்ட் ஃபார் அகாடமிக் அஃபேர்ஸ்னு போர்டு மாட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஜோசப் ஒருத்தன், க்ரூப்ல வந்து "ப்ரொவோஸ்ட்னா காலேஜ் பிரின்சிபால்டா"ன்னு சத்தியம் பண்றான். அவன் சொல்றதும் ஒரு இடத்துல உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டுல ஓரியல், குயின்ஸ், வொர்ஸ்டர் காலேஜ் தலைவர்கள், கேம்பிரிட்ஜ்ல கிங்ஸ் காலேஜ் தலைவர், எல்லாருக்கும் ப்ரொவோஸ்ட்னுதான் பேரு. டப்ளின் ட்ரினிட்டில மொத்த யுனிவர்சிட்டிக்கும் தலையே ப்ரொவோஸ்ட்தான், 2021ல லிண்டா டாய்ல் வந்தாங்க, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவங்கதான். எடின்பரோ போனா நகர மேயர் மாதிரி இருக்கறவர லார்ட் ப்ரொவோஸ்ட்ங்கறாங்க. மிலிட்டரில ப்ரொவோஸ்ட் மார்ஷல்னா ராணுவ போலீசுக்கு தலைவர். லத்தீன்ல "முன்னால நிறுத்தப்பட்டவர்"னு ஒரு சொல், அதுல இருந்து வந்தது, அதனால யார யாருக்கு முன்னால நிறுத்தினாலும் இந்தப் பேரு ஒட்டிக்குது. அமெரிக்காலயே பென்சில்வேனியா யுனிவர்சிட்டில 1930 வரைக்கும் ப்ரொவோஸ்ட்தான் தலைமை, அதுக்கப்புறம்தான் பிரசிடென்ட்னு ஒருத்தர மேல வச்சாங்க.

எனக்கு எரிச்சல் வர்றது எங்கன்னா, நம்மாளுங்க நம்ம ஊர் அளவுகோல எல்லா ஊருக்கும் தூக்கிட்டுப் போறோம். நமக்கு சான்சலர்னா பட்டமளிப்பு விழால வந்து உக்கார்றவரு, நிஜ வேலை வைஸ் சான்சலருக்கு. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில பெர்க்லி மாதிரி ஒவ்வொரு கேம்பஸையும் நடத்தறதே சான்சலர்தான், எல்லாருக்கும் மேல பிரசிடென்ட். பேரப் பாத்து அதிகாரத்த எடை போட்டா தப்பாத்தான் போகும், அவர் யாருக்குப் பதில் சொல்லணும், எதுல கையெழுத்து போடறாருன்னு பாக்கணும்.

சரி, இப்ப லெட்டருக்கு வா. நீ படிச்சுக் காட்டின ரெண்டு வரில "ஃபெல்லோஷிப்"னு காதுல விழுந்துச்சு. அது நெசமா இருந்தா பிஎச்டிக்கு டிபார்ட்மென்ட் குடுக்கற சாதாரண உதவி இல்ல, பல இடத்துல டீன்கள் பேர் அனுப்பி, ப்ரொவோஸ்ட் ஆபீஸ் பொறுக்கி எடுத்துக் குடுக்கறது. உன் பொண்ணு சாதிச்சிருக்காடா, நீ ரூம் சாவின்னு நெனச்சுட்டு இருக்க! ஸ்டைபெண்ட், அதான் செலவுக்குக் குடுக்கற பணம், ஒம்போது மாசத்துக்கா பன்னெண்டு மாசத்துக்கா, ட்யூஷன் மட்டும் தள்ளுபடியா இல்ல மத்த ஃபீஸும் சேத்தா, ஹெல்த் இன்ஷூரன்ஸ் யாரு கட்டறது, எத்தனை வருஷம், நடுவுல க்ளாஸ் எடுக்கணுமா, இத எல்லாம் அவள ஒக்கார வச்சு வரி வரியா படிக்கச் சொல்லு.

முக்கியமா தேதி. அங்க கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அதோட தீர்மானத்துல கையெழுத்து போட்ட யுனிவர்சிட்டிங்க இந்த மாதிரி பண உதவிக்கு ஏப்ரல் 15 வரைக்கும் பதில் சொல்ல டைம் குடுக்கணும். அவ யுனிவர்சிட்டி அதுல இருக்கா, லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு பாரு. அது தாண்டிட்டா வெய்ட்டிங் லிஸ்ட்ல இருக்கற இன்னொரு புள்ளைக்குப் போயிடும், அப்புறம் யாரக் கெஞ்சினாலும் நடக்காது.

செல்வம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. யாழினி வாய் தெறந்து கேக்கற பொண்ணு இல்ல. அப்பா அப்புறம் பாக்கலாம்னு சொன்னா அத அப்படியே மூடி வச்சுடுவா. அவளுக்கு ஏதாவது புரியலன்னா நேரா அந்த கிராஜுவேட் ஆபீசுக்கே மெயில் போடட்டும், கேள்வி கேட்டா அங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

லெட்டர் முழுசையும், ரெண்டாவது பக்கத்தோட சேத்து, இன்னிக்கே எனக்கு வாட்ஸ்அப்ல போடு. நீ படிச்சுக் காட்டாத, ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ஜோசப்ப நான் பாத்துக்கறேன்.

உன்
குமார்