தீ அலாரம் திருப்பணி: நிறைவு அறிக்கை

வளாக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயில் வேலைக்குச் சொல்கிற சொல்லை வயரிங் வேலைக்குப் போட்டிருக்கிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். பொதுக்குழுவில் ஓர் அண்ணாச்சி, "என்ன வே, கும்பாபிஷேகத்துக்கு வசூல் பண்ணுத மாதிரில்லா பண்ணுதீரு" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது. நம் கடை வளாகத்தின் தீ அலாரத்தைப் புதிதாக மாற்றும் வேலை தை கடைசியில் ஆரம்பித்து, ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் முடிந்தது. தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி மூன்றிலும் கை வைக்கக் கூடாது என்று ஜவுளிக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டதால் நமக்குக் கிடைத்த காலம் அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு மூழ்கியபோது நம் கீழ்த்தளத்திலும் இடுப்பளவு தண்ணீர். மாடிப்படிக்கு அடியில் இருந்த அலாரம் பேனலும் (தீயை உணரும் டிடெக்டர்களும் சைரனும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டி) அதில் முங்கியது. வெள்ளம் வடிந்த பிறகு சரக்கைக் காப்பாற்றுகிற பாட்டில் பேனல் பக்கம் யாரும் போகவில்லை. அப்புறம் ஒருநாள் திறந்து பார்த்தோம். உள்ளே வண்டல் காய்ந்து அடையாக இருந்தது. 12 வோல்ட் பேட்டரி இரண்டும் வயிறு உப்பிக் கிடந்தன. ஒரு பல்லியின் எலும்புக்கூடு வேறு. இதெல்லாம் வெள்ளத்தின் கணக்கு. ஆனால் சைரனுக்குப் போகும் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த டேப்பின் மேலும் வண்டல் படிந்திருந்தது. அதாவது வெள்ளம் வருவதற்கு முன்பே யாரோ அலாரத்தின் வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

யார் என்று விசாரிக்கப் போனோம். கடைசியில் எல்லோருமே என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போட்டால் அடிக்கும். கீழே அல்வா அடுப்பில் நெய் காய்ந்தால் அடிக்கும். ஆனி, ஆடியில் மேலக்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும்போது டிடெக்டருக்குள் தூசி புகுந்து அதற்கும் அடிக்கும். பழைய பேனலில் ஒரு தளத்துக்கு ஒரே விளக்குதான். இரண்டாம் தள விளக்கு எரிந்தால் வாட்ச்மேன் அந்தத் தளத்தின் எல்லாக் கடையையும் தட்டிப் பார்க்க வேண்டும். அவர் எத்தனை நாள்தான் ஓடுவார்? ஒரு கடையில் டிடெக்டருக்குப் பாலிதீன் பை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். கமிட்டி உறுப்பினர் ஒருவரின் கடைதான். பெயர் வேண்டாம்.

பொய்யாக அடிப்பதைக் குறைக்காமல் புதுப் பேனல் வாங்கினால் அதற்கும் இரண்டே வருஷத்தில் டேப் சுற்றிவிடுவோம். கமிட்டி அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். முதலில் வந்த காண்ட்ராக்டரின் கொட்டேஷனில் சமையல்கட்டு உட்பட எல்லா இடத்திலும் புகை டிடெக்டர். ஏன் என்று கேட்டால், "ஒரே மாடலா வாங்கினா ரேட் குறையும் சார்" என்றார். அவருக்கு வேலை கொடுக்கவில்லை.

இப்போது அல்வா கிண்டும் இடத்தில் இருப்பது வெப்ப டிடெக்டர். சூடு சட்டென்று ஏறினாலே அடிக்கிற வகை ஒன்று உண்டு. அடுப்படிக்கு அது சரிவராது. குறித்த டிகிரியைத் தொட்டால் மட்டும் அடிக்கும் வகையைப் போட்டோம். மாட்டிய அன்றே உருளியை ஏற்றச் சொல்லி, கோதுமைப் பால் இறுகி நெய் கக்கும் வரைக்கும் கூடவே நின்று பார்த்தோம். அலாரம் வாயே திறக்கவில்லை. வாழையிலைத் துண்டில் சுடச்சுட வந்தது கணக்கில் ஏறாத வரவு.

சாமி படத்துக்கு நேர் மேலே இருந்த டிடெக்டர்களைத் தள்ளி மாட்டினோம். புகை சில விநாடி நின்று நிலைத்தால்தான் அலாரம் என்று பேனலிலும் வைத்திருக்கிறோம். இந்த நான்கு மாதத்தில் சாம்பிராணிக்கு ஒரே ஒரு முறை அடித்தது. அன்று போட்டது கொஞ்சநஞ்சப் புகையில்லை என்று பக்கத்துக் கடைக்காரரே சாட்சி சொன்னார்.

புதியது அட்ரசபிள் வகைப் பேனல். ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் உண்டு. எது அடிக்கிறதோ அதன் இடம் திரையில் எழுத்தாக வரும். முதலில் கடைப் பெயர்களைத்தான் ஏற்றச் சொன்னோம். வேலை முடிவதற்குள் இரண்டு கடை கை மாறியதும் புத்தி வந்தது. இப்போது கதவு எண் மட்டும்தான் வரும். திரையில் இங்கிலீஷ்தான் என்பதால், தளவாரியாகத் தமிழில் வரைபடம் போட்டு லேமினேட் செய்து பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். வாட்ச்மேன்கள் திரையை விட அதைத்தான் பார்க்கிறார்கள்.

வயர் விஷயத்தில் நாங்கள் சறுக்கியதைச் சொல்லிவிடுகிறோம். பழைய வயரையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பட்ஜெட் போட்டோம். மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்ததில் கீழ்த்தள வயர் எல்லாம் போயிருந்தது. குழாய்க்குள் நின்ற வெள்ளம் காயவே இல்லை. மேல் தளங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி கடித்த இடங்கள் தனி. ஆகவே முழுக்கப் புது கேபிள். கூடுதலாக வந்த தொகைக்கு இதுதான் காரணம். கமிட்டி முன்பே மெகர் டெஸ்ட் செய்திருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம்.

கேபிள் பேனலிலிருந்து கிளம்பி எல்லா டிடெக்டரையும் தொட்டுவிட்டுத் திரும்பவும் பேனலுக்கே வருகிறது. ஒரு இடத்தில் அறுந்தாலும் இரண்டு பக்கமிருந்தும் வேலை நடக்கும். நடுநடுவே பழுதான பகுதியைப் பிரித்துவிடும் ஐசோலேட்டர் இருப்பதால் ஷார்ட் ஆனாலும் அந்தத் துண்டு மட்டும்தான் செத்துப்போகும். வேலை நடக்கும்போதே இதற்குச் சோதனை வந்தது. முதல் தளத்தில் ஏசி மெக்கானிக் ஒருவர் டிரில் போட்டதில் கேபிள் துண்டானது. பேனல் ஃபால்ட் காட்டியது. ஆனால் ஒரு டிடெக்டர்கூடச் சாகவில்லை. மெக்கானிக்தான் பாவம், வெளிறிப்போனார்.

பேனலைக் கீழேயே, வாசல் பக்கம் வைப்பதுதான் முறை. தீயணைப்பு வண்டி வந்தால் வீரர்கள் நுழைந்ததும் பார்க்க வேண்டுமே. ஆனால் சுவரில் இன்னும் போகாமல் இருக்கிற வெள்ளக் கறையைப் பார்த்தபின் கீழே வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மெயின் பேனல் முதல் தள அறைக்குப் போனது. அதே தகவலைக் காட்டும் ரிப்பீட்டர் ஒன்று வாசலில் வாட்ச்மேன் மேஜைக்குப் பின்னால், கறைக்கு மேலே இருக்கிறது.

சத்தத்தை மீட்டர் வைத்து அளந்தோம். தீ அலாரத்துக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 2189 சொல்வது சாதாரண இடத்தில் குறைந்தது 65 டெசிபல், அல்லது அங்கே நிற்காமல் கேட்கும் இரைச்சலை விட 5 டெசிபல் அதிகம்; இரண்டில் எது கூடுதலோ அது. ஜெனரேட்டர் ஓடும்போது பின்பக்கக் கடைகளில் இது தேறவில்லை. ஒரு சைரன் கூடுதலாகப் போட்டோம். மூன்றாம் தள லாட்ஜில்தான் பெரிய பாடு. ஆள் தூங்கும் இடத்தில் கட்டில் தலைமாட்டில் 75 டெசிபல் வேண்டும். வராந்தா சைரன் எவ்வளவு அலறினாலும் கதவைச் சாத்தினால் உள்ளே முனகல்தான் கேட்டது. அறைக்கு ஒன்றாக சவுண்டர் வைத்தபிறகே சரியானது. அந்தச் செலவை லாட்ஜ்காரரே ஏற்றுக்கொண்டார், நன்றி.

ஒப்படைக்கும் நாளன்று ஸ்ப்ரே புகை அடித்து ஒவ்வொரு டிடெக்டராகப் பார்த்தோம். இரண்டாம் தளத்தில் ஒன்பது டிடெக்டர் அசையவே இல்லை. பெயிண்ட் வேலைக்காகப் போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலேயே விட்டிருந்தார்கள். பேனலில் எல்லாம் நார்மல் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஒன்பதும் மூடியோடுதான் இருந்திருக்கும்.

கழற்றிய பழைய டிடெக்டர்களில் சிலவற்றின் உள்ளே கதிர்வீச்சுக் குறி இருந்தது. அந்தக் காலத்து அயனி வகை. அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். மேலே மாட்டியிருக்கிற வரை ஆபத்தில்லை. உடைத்து நோண்டினால்தான் வம்பு. காயலான் கடைக்காரர் மொத்தமாக எடைக்குக் கேட்டார். அவற்றை மட்டும் பிரித்து, சப்ளையர் வழியாகத் திருப்பி அனுப்பி ரசீது வாங்கி வைத்திருக்கிறோம்.

வரவு செலவுத் தாளும் பில்களின் நகலும் அலுவலகத்தில் இருக்கின்றன. சதுர அடிக் கணக்கில்தான் பங்கு பிரித்தோம். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பங்கில் சேர்க்காமல் முதல் நோட்டீஸ் அனுப்பியது எங்கள் தவறு. இரண்டாவது நோட்டீஸ் வந்ததற்கு அதுதான் காரணம். நான்கு பேர் இன்னும் பாக்கி. அவர்களிடம் நேரில் பேசியிருக்கிறோம்.

வேலையில் பாக்கி ஒன்று உண்டு. வழக்கில் இருக்கும் இரண்டு கடைகளின் சாவி கிடைக்காததால் உள்ளே டிடெக்டர் இல்லை. வாசலுக்கு வெளியே மட்டும் போட்டிருக்கிறோம். பூட்டிய ஷட்டருக்குள்ளே தீப்பிடித்தால் புகை வெளியே கசிந்தபிறகே தெரியும். பக்கத்துக் கடைக்காரர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதத்தின் முதல் செவ்வாய், காலை 9 மணிக்குச் சோதனை அலாரம் அடிக்கும். தீயைக் கண்டால் கையால் அழுத்துகிற சிவப்புப் பெட்டிகளில் ஒவ்வொரு மாதமும் வேறு வேறு பெட்டியை அழுத்திப் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் அடித்தால் படிக்கட்டு வழியாக இறங்கிவிடுங்கள், லிஃப்ட் வேண்டாம். கடையில் பார்ட்டிஷன் மாற்றுவதாகவோ, ஃபால்ஸ் சீலிங் போடுவதாகவோ இருந்தால் ஒரு வாரம் முன்னால் கமிட்டிக்குச் சொல்லுங்கள். டிடெக்டருக்குக் குறுக்கே சுவர் வந்தால் அது அங்கே இருந்தும் பயனில்லை.

அடித்த நேரம், கதவு எண், காரணம் மூன்றையும் எழுத ஒரு நோட்டு வாட்ச்மேன் மேஜையில் நூலில் கட்டித் தொங்குகிறது. பேனா மட்டும் இதுவரை இரண்டு முறை காணாமல் போயிருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி