முற்பணத்துக்கு முன்னால் உங்கள் பாதையைக் கேட்பது ஏன்? வீட்டு வான் எடுப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி நெருங்குகிறது, போன் ஓயாமல் அடிக்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிறவர்கள், இங்கே ஆகஸ்ட் விடுமுறையை எதிர்பார்த்திருக்கிற குடும்பங்கள் என்று எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வீட்டு வான் ஒரு கிழமைக்கு எவ்வளவு?" நாங்கள் உடனே விலையைச் சொல்லாமல், எங்கெங்கே போகிறீர்கள், எந்த இரவு எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று எழுதி அனுப்பச் சொல்கிறோம். இதில் சிலருக்கு மனம் நோகிறது. காசு கட்டி எடுக்கிற வானுக்கு ஏன் உங்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று போன மாதம் ஒரு அண்ணா நேரேயே கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் போனில் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வானைப் பற்றி. வெளிநாட்டில் நீங்கள் பார்த்த, பஸ் மாதிரி நீளமான மோட்டர் ஹோம் எங்களிடம் இல்லை, இருந்தாலும் இங்கத்தைய மலை வீதிகளில் அதைத் திருப்ப இடமில்லை. எங்களுடையது உயரக் கூரை வான், பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே அமைத்தது. சீற் பெல்ற் உள்ள இருக்கை ஐந்து. கீழே பெரியவர்கள் இருவரும் மேலே பிள்ளைகள் இருவரும் படுக்கலாம், ஐந்தாவது ஆளுக்குக் கூடாரம். காஸ் அடுப்பு, சின்ன பிரிட்ஜ், 80 லீற்றர் தண்ணீர்த் தொட்டி, தூக்கிக்கொண்டு போய்க் கழுவக்கூடிய ரொயிலற். அவ்வளவுதான். இதற்குள் ஒரு குடும்பம் ஒரு கிழமை சண்டையில்லாமல் இருக்க முடியுமா என்றால் நிச்சயமாக முடியும், ஆனால் அது பெரும்பாலும் பாதையில்தான் தங்கியிருக்கிறது.

எங்களுக்கு அதிகம் வருகிற பாதை இது: யாழ்ப்பாணம், கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம், காலி, கொழும்பு, திரும்ப யாழ்ப்பாணம், ஏழு நாள். வரைபடத்தில் சின்னத் தீவுதானே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள், சுமார் 1,200 கிலோமீற்றர் வரும். ஏ9 வீதியில் வவுனியா வரைக்கும் 140 கிலோமீற்றரை மூன்று மணித்தியாலத்துக்குள் ஓடிவிடலாம், அதே வான் தண்ணீரும் சாமானும் ஆட்களுமாக ரம்பொடையில் ஏறும்போது மணிக்கு 25 கிலோமீற்றர் போனாலே பெரிய விசயம். அப்புறம் ஒவ்வொரு காலையும் படுக்கையை மடக்கி, பாத்திரம் கழுவி, கூடாரம் சுருட்டி வெளிக்கிட இரண்டு மணித்தியாலம் போய்விடும். வானில் போகிறவர்களுக்கு ஹோட்டல்காரர் செய்கிற வேலையெல்லாம் தங்கள் தலையில்தான் என்பது முதல் நாள் தெரியாது, மூன்றாம் நாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்றே விசயம். முதல் நாளையும் கடைசி நாளையும் விட்டு மற்ற நாட்களில் 150 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டாம். ஒரு இடத்தில் குறைந்தது இரண்டு இரவு நில்லுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு வான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

ஐந்து மணி என்பதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். முதலாவது வானைச் செய்து முடித்த வருடம், வாடகைக்கு விடமுன் எங்கள் குடும்பமே போய்ப் பார்த்தோம். கண்டியில் கடை கடையாக ஏறி இறங்கி, வெளிக்கிடும்போது நாலு மணி தாண்டிவிட்டது. இரவுக்குள் திருகோணமலைக்குப் போய்விடலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஹபறணை தாண்டி இருட்டில் போகையில் வீதியோரம் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது, நான் லொறியின் படங்கு என்று நினைத்தேன். கிட்டப் போனபோது அதன் காது அசைந்தது. தனி யானை. வீதிக்கு மேலே சாய்ந்திருந்த கொப்பை இழுத்து முறித்துத் தின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு லொறி வந்து நின்றுவிட்டது, பின்னுக்கு எடுக்கவும் முடியாது. திருகோணமலைச் சொந்தக்காரருக்கென்று ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வானுக்குள் இருந்தது, கண்ணாடியை எல்லாம் ஏற்றியதும் உள்ளே அந்த வாசம் மூச்சு முட்டுகிற அளவுக்கு நிறைந்தது. யானைக்குப் பழ வாசம் நன்றாகத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமியார் சின்னவளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பிள்ளையார் பேரைச் சொல்லியபடி இருந்தார். ஹோர்ன் அடிக்கவில்லை, லைற்றை ஏற்றி இறக்கவில்லை, அப்படியே நின்றோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும், அது தானாகக் காட்டுக்குள் இறங்கியது. ஹபறணை, மின்னேரியா, கந்தளாய்ப் பக்கம் எல்லாம் யானை நடமாட்டம் உள்ள இடங்கள். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை போகிற பாதையிலும் அதே கவனம் வேண்டும். பகலில் போனால் பிள்ளைகள் தூர நின்று பார்த்துச் சந்தோசப்படுகிற காட்சி இது, இரவில் அப்படியில்லை.

இனிக் காலநிலை. இங்கே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற வைகாசி முதல் புரட்டாதி வரைக்கும் தென்மேற்குப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும், மழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்துவிடும், அதனால் கிழக்குக்கு வறண்ட காற்றுத்தான் வந்து சேரும். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே எல்லாம் போக இதுதான் காலம். காலிப் பக்கத்துக் கடலில் பிள்ளைகளைக் குளிக்க விட மார்கழி கழிந்து வாருங்கள். நுவரெலியாவையும் ஆடியில் வெயிலுக்காக நம்பிப் போகாதீர்கள், அங்கே புகாரும் தூறலும்தான், ஏப்ரல் மாதம்தான் அதற்குப் பேர்போன காலம். அங்கே கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், யாழ்ப்பாணத்து மெல்லிய போர்வை காணாது. குளிர்கிறது என்று யன்னலைப் பூட்டிவிட்டுக் காஸ் அடுப்பை எரியவிட்டு யாரும் படுக்கவே கூடாது. அடைத்த இடத்தில் அடுப்பு எரியும்போது கார்பன் மொனொக்சைட் சேரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, நித்திரையிலேயே உயிர் போய்விடும். இதை வான் கொடுக்கும்போது வாயாலும் சொல்வேன், அடுப்புக்கு மேலேயும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நல்லூர்க் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை 25 நாள். அதற்குள் தேருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று பலர் கடைசி நாள் இரவிரவாக ஓடி வருகிறார்கள், அது எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கொடியேற்றத்துக்கு முன் போய் வாருங்கள், அல்லது தீர்த்தம் முடிந்து போங்கள். விரத நாட்களில் போகிறவர்களுக்கு மச்சம் படாத தனிப் பாத்திரப் பெட்டி வைத்திருக்கிறோம், முன்கூட்டிக் கேட்டால் போதும். கண்டிப் பெரஹராவும் பெரும்பாலும் இதே காலத்தில்தான் வரும், அந்த நாட்களில் பின்னேரம் நகருக்குள் வீதிகளை மூடிவிடுவார்கள், வானைப் பேராதனைப் பக்கம் விட்டுவிட்டு பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போங்கள். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, அதையொட்டிய நாட்களில் மதவாச்சி, மடு வீதியில் நெரிசல் இருக்கும்.

நாங்களே ஒரு பாதை சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வோம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிடுங்கள். ஆனையிறவைத் தாண்டும்போது இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடியுங்கள், வெட்டையில் சோளகம் உயரக் கூரையில் பக்கவாட்டாக அடிக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தையும் சம்பலையும் அங்கேயே சாப்பிடுங்கள். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக மத்தியானம் கழியத் திருகோணமலை. அங்கே மூன்று இரவு. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழு, நிலாவெளிக் கடல், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பிறகு கந்தளாய், ஹபறணை வழியாகத் தம்புள்ளைப் பக்கம் இரண்டு இரவு, மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டுக் கண்டியில் இரண்டு இரவு, எட்டாம் நாள் ஏ9 வழியே வீடு. எல்லவும் கதிர்காமமும் பார்க்காமல் விடுவதா என்று கேட்பீர்கள். அவற்றுக்கு இன்னொரு கிழமை தேவை.

மலை இறக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரம்பொடை, கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கருகின மணம் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். வான் ஓடும்போது பிள்ளைகளைப் படுக்கையில் படுக்க விடாதீர்கள். அழுதாலும் விடாதீர்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போய் மோதுவது 14 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து விழுவதற்குச் சமம்.

மின்சாரக் கணக்கு பலருக்கு விளங்குவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின்னால் உள்ள லிதியம் பற்றரி 100 அம்பியர் மணி, 12.8 வோல்ற், பெருக்கினால் 1,280 வாற் மணி. பற்றரி நீடிக்க வேண்டுமென்றால் அதில் 1,000 வரைதான் எடுக்கலாம். பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வரை குடிக்கும். இரண்டு விசிறி இரவு முழுக்கச் சுற்றினால் 350. போன்களும் லைற்றும் 100 கிட்ட. பார்த்தீர்களா, சரிக்குச் சரி வந்துவிட்டது. இதற்குள் ரைஸ் குக்கரும் கேத்தலும் போட்டால் விடியும்முன் பிரிட்ஜ் நின்று பால் திரளும். சோறும் தேத்தண்ணியும் காஸில்தான். இரவில் ஏசி வேண்டுமென்றால் விருந்தினர் விடுதி வளவுக்குள் நிறுத்தி அவர்களுடைய கரண்டில் குத்த வேண்டும். இரண்டரை, மூன்று மணித்தியாலம் ஓடினால் எஞ்சினே பற்றரியை நிரப்பிவிடும், ஓடாமல் நிற்கிற நாளில் கூரையில் உள்ள சோலார் தகடு பார்த்துக்கொள்ளும், அதற்கு வானை வெயிலில் விட்டுவிட்டு நீங்கள் மர நிழலில் இருங்கள், எல்லோரும் இதை மாறிச் செய்கிறார்கள்.

தண்ணீர் அதைவிடச் சிக்கல். நாங்கள் கிணற்றில் வாளி வாளியாக அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள், அப்படி இரண்டு பேர் குளித்தாலே 80 லீற்றர் முடிந்துவிடும். வான் தண்ணீர் முகம் கழுவவும் பாத்திரம் கழுவவும்தான், குளியல் விடுதியில் அல்லது கன்னியாவில். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் பம்பிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிந்து அடைக்கும் என்பதால் வடிகட்டிய தண்ணீர் நிரப்பித்தான் தருகிறோம். குடிக்கத் தனியாக 19 லீற்றர் போத்தல் வாங்குங்கள். ரொயிலற் தொட்டி நாலு பேருக்கு இரண்டு நாளில் நிறையும், அதை ஒரு மலசலகூடத்தில்தான் ஊற்ற வேண்டும், குளத்திலோ வாய்க்காலிலோ பற்றைக்குள்ளோ ஊற்றியது தெரிந்தால் அடுத்தமுறை வான் தரமாட்டோம். கருவாடு ஏற்ற வேண்டாம். படுக்கைப் பஞ்சில் மணம் ஏறினால் இரண்டு கிழமைக்குப் போகாது, பின்னால் வருகிற குடும்பம் பாவம்.

இரவில் நிறுத்துகிற இடத்தை முதலே பேசி வையுங்கள். கோயில் வளவு, விடுதி வளவு, பெற்றோல் செட், எங்கே என்றாலும் அனுமதி கேட்டுத்தான். காட்டோரமும் குளக்கட்டும் பகலில் அழகு, இரவில் அங்கே நிற்க வேண்டாம். வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது, இங்கே செல்லுபடியாகும் அனுமதி கையில் இருக்க வேண்டும், அது இல்லாதவர்களுக்கு எங்கள் சாரதியைத் தருவோம். அவருக்கும் ஒரு இருக்கையும் படுக்க இடமும் வேண்டும் என்பதைக் கணக்கில் எடுங்கள். வேகம் ஊருக்குள் 50, வெளியே 70.

ஆகஸ்டில் போகிறவர்கள் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, ஒவ்வொரு இரவும் தங்கும் இடம், யார் ஓட்டுகிறீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள், ஒரே நாளில் பார்த்துப் பதில் தருகிறோம். பாதையைக் குறைக்கச் சொல்லி, அது உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை, முற்பணம் வாங்கமுன்தானே கதைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் வான் இரண்டையும் கடை முற்றத்தில் திறந்து வைத்திருப்போம். பிள்ளைகளையும் அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மேல் படுக்கையில் ஏறிப் பார்க்கட்டும், நீங்களே அடுப்பைப் பற்றவைத்து ஒரு பிளேன்ரீ போட்டுக் குடித்துப் பாருங்கள். சீனியும் தேயிலையும் உள்ளே இடப்பக்க லாச்சியில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் வான்காரர்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்